மஞ்சள் பேருந்தும் வீட்டு முகவரியும் - அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் கதை

ஹாலிவுட் படம் பார்க்கிறவர்களுக்கு அமெரிக்கப் பள்ளிக்கூடம் புதிதல்ல. மஞ்சள் பேருந்து, வராந்தா நெடுக இரும்பு லாக்கர்கள், மணி அடித்ததும் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஓடும் பிள்ளைகள், நீளமான கோடை விடுமுறை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் இதே காட்சிகள். வாஷிங்டனில் யாரோ ஒரு கல்வி அமைச்சர் உட்கார்ந்து நாடு முழுமைக்கும் உத்தரவு போட்டு இப்படி ஆக்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

உண்மை நேர் எதிர். அமெரிக்க அரசியல் சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் 'கல்வி' என்ற சொல் கிடைக்காது. அதில் சொல்லப்படாத அதிகாரங்கள் எல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்கிறது பத்தாவது திருத்தம். மாநிலங்கள் அந்த வேலையைப் பள்ளி மாவட்டங்களிடம் கொடுத்தன. இன்றைக்கு அங்கே ஏறக்குறைய 13,000 பள்ளி மாவட்டங்கள். (மாவட்டம் என்றதும் கலெக்டர் ஆபீஸை நினைக்க வேண்டாம். சில மாவட்டங்கள் ஒரு சிற்றூர் அளவுதான்.) பெரும்பாலானவற்றில் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு பள்ளி வாரியம் உண்டு. ஆசிரியர் நியமனம், உள்ளூர் வரி, பேருந்து வழித்தடம் எல்லாம் அவர்கள் பாடு.

அப்படியென்றால் எல்லாப் பேருந்தும் எப்படி ஒரே மஞ்சள் ஆனது? அதற்கும் சட்டம் காரணமில்லை. 1939-இல் ஃபிராங்க் சைர் என்ற கல்லூரிப் பேராசிரியர் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூட்டினார். மாநில அதிகாரிகளும் பேருந்து தயாரிப்பாளர்களும் வந்தார்கள். பல மஞ்சள் நிறங்களை வரிசையாகத் தொங்கவிட்டு, விடிந்தும் விடியாத நேரத்தில் கறுப்பு எழுத்து எதன்மேல் தெளிவாகத் தெரிகிறதோ அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு மாநிலமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்கப் பள்ளியின் பாதி விஷயங்கள் இப்படி வந்தவைதான். யாரோ எதற்காகவோ செய்ய, நாடே பின்பற்ற, கடைசியில் ஏன் வந்தது என்பது எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும்.

ஆரம்பம் என்று பார்த்தால் சாத்தானிடம் போக வேண்டும். விளையாட்டில்லை. 1647-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஒரு சட்டம் வந்தது. மக்களை வேதம் படிக்கவிடாமல் வைத்திருப்பது சாத்தானின் பழைய தந்திரம் என்று தொடங்கி, 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஒரு ஆசிரியரை வைக்க வேண்டும், 100 குடும்பங்கள் இருந்தால் லத்தீன் சொல்லித்தரும் பள்ளியே வைக்க வேண்டும் என்று போகிறது அந்தச் சட்டம். தவறினால் அபராதம். அந்தக் குடியேற்றக்காரர்கள் பியூரிட்டன்கள்; ஒவ்வொருவரும் தானே பைபிள் வாசித்தாக வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

மதக் காரணம் பின்னால் உதிர்ந்துவிட்டது. ஆனால் ஒன்று தங்கிவிட்டது. பள்ளிக்கூடம் வைக்க வேண்டியது அரசனோ திருச்சபையோ இல்லை, ஊர். காசு கொடுக்க வேண்டியதும் ஊர். இந்த ஒரு எண்ணம் முந்நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக அமெரிக்காவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு தாமஸ் ஜெஃபர்சன் போன்றவர்களுக்கு வேறு கவலை. ராஜா இல்லாத நாட்டில் மக்கள்தான் ராஜா. அந்த ராஜா தற்குறியாக இருந்தால்? 1779-இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு அவர் ஒரு மசோதா எழுதினார். அடிமையல்லாத எல்லாப் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, மூன்று வருடம் இலவசப் படிப்பு. சட்டமன்றம் நிறைவேற்றவில்லை. அடுத்தவர் பிள்ளை படிக்கப் பண்ணையார்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் இல்லை. 'அடிமையல்லாத' என்ற சொல்லையும் கவனியுங்கள், பிறகு தேவைப்படும்.

வரி போட முடியாத இடத்தில் நிலம் உதவியது. மேற்கே புதிதாகப் பிடித்த நிலங்களை அளந்து விற்க 1785-இல் ஒரு சட்டம் வந்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக ஒரு ஊர், அதற்குள் 36 மனைகள், அதில் 16-ஆம் எண் மனை பள்ளிக்கூடத்துக்கு. விற்றோ வாடகைக்கு விட்டோ வரும் பணத்தில் பள்ளி நடக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அழகான ஏற்பாடு. அந்த 36 மனைகளும் செவ்விந்தியர்களிடமிருந்து போனவை என்பது மட்டும் வரைபடத்தில் தெரியாது. அவர்கள் பிள்ளைகளுக்கு அமெரிக்கா கொடுத்த பள்ளியோ வேறு மாதிரியானது. 1879-இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய கார்லைல் உறைவிடப் பள்ளியில் பிள்ளைகளின் முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். நாடெங்கும் பல பள்ளிகள் அதைப் பார்த்து முளைத்தன.

இங்கே தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். நியூயார்க் நகரின் முதல் பொதுப் பள்ளிகளுக்கும் சென்னை எழும்பூருக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது!

1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதை விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் கண்காணிப்பாளராக வந்தார். ஆசிரியர்கள் சரியில்லை, பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. ஒரு நாள் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே தன் விடுதியில் செய்யச் சொன்னார். ஆசிரியர் மறுத்துவிட்டார். பெல் என்ன செய்தார்? ஜானி ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, நீ சொல்லிக்கொடு என்று சின்னப் பிள்ளைகளை அவனிடம் விட்டார். அவன் சொல்லிக்கொடுத்துவிட்டான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் இந்த முறைக்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். திண்ணைப் பள்ளிக்கூடம் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது வேறு யாருமில்லை, நம்ம சட்டாம்பிள்ளைதான் என்று தெரிந்துவிடும்.

பெல் இங்கிலாந்து திரும்பி 1797-இல் இதைப் புத்தகமாக்கினார். அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்கு இதே மாதிரி பள்ளி நடத்தினார். (யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவர் கட்சிக்காரர்களும் பல வருடம் சண்டை போட்டார்கள். எழும்பூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாரை யாரும் கேட்கவில்லை.) லங்காஸ்டர் முறை 1806-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அங்கே 1805-இல் உருவான இலவசப் பள்ளிச் சங்கம், தர்மப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்க வழி தேடிக்கொண்டிருந்தது. ஒரே கூடத்தில் சில நூறு பிள்ளைகள், ஒரே ஒரு ஆசிரியர், மீதி எல்லாம் சட்டாம்பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளுக்கு மணல் பரப்பிய மேசை. செலவு கொள்ளை மலிவு. பிலடெல்பியா, பால்டிமோர் என்று பரவியது. லங்காஸ்டரே 1818-இல் அமெரிக்கா வந்தார்.

முறை அதிக நாள் நிலைக்கவில்லை. கூச்சல், மனப்பாடம், படை வீரர்களைப் போல வரிசை. ஆனால் நகரத்து ஏழைப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரு கட்டடத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதை அது முதலில் காட்டிவிட்டது. பின்னால் வரி கட்டச் சொன்னவர்களுக்கு அது பெரிய துணை.

அப்படி வரி கட்டச் சொன்னவர்களில் முதல் பெயர் ஹோரஸ் மான். மாசசூசெட்ஸ் மேலவைத் தலைவராக இருந்தவர். அரசியலில் இன்னும் உயரம் போயிருக்கலாம். 1837-இல் அதை விட்டுவிட்டுப் புதிதாக அமைந்த மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளர் ஆனார். அந்தப் பதவிக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது. தகவல் திரட்டலாம், அறிக்கை எழுதலாம், அவ்வளவுதான். மனிதர் ஊர் ஊராகப் போய் ஒழுகும் கூரைகளையும் முதுகில்லாத பெஞ்சுகளையும் எண்ணி வந்து, வருடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அறிக்கைகள் எழுதினார். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பள்ளியில் உட்கார வேண்டும், எல்லோருடைய வரியிலும் அது நடக்க வேண்டும் என்பதுதான் எல்லா அறிக்கைகளிலும் அடிநாதம்.

1843-இல் மானுக்குத் திருமணம் ஆனது. தேனிலவுக்கு ஐரோப்பா போனார். போன இடத்தில் என்ன பார்த்தார் தெரியுமா? பள்ளிக்கூடங்கள், சிறைச்சாலைகள், அநாதை விடுதிகள்! (மனைவி மேரி பீபாடியும் கல்வியில் ஆர்வம் உள்ளவர் என்பதால் பிழைத்தார்.) பிரஷ்யாவில் பார்த்தது அவரை மயக்கியது. வயதுக்கேற்ற வகுப்புகள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், பிரம்பில்லாத வகுப்பறை. திரும்பி வந்து ஏழாவது அறிக்கையில் அதைப் புகழ்ந்து எழுத, பாஸ்டன் தலைமையாசிரியர்கள் 31 பேர் கொதித்தெழுந்து மறுப்பு நூல் வெளியிட்டார்கள். மானின் நண்பர் சாமுவேல் ஹௌ சும்மா இருப்பாரா? 1845-இல் பாஸ்டன் பள்ளிகளில், வழக்கமான வாய்மொழித் தேர்வுக்குப் பதில், அச்சடித்த ஒரே கேள்வித்தாளை எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுத்து எழுத வைத்தார்கள். மதிப்பெண்கள் படுமோசம். தலைமையாசிரியர்களின் மானம் கப்பலேறியது. பிள்ளையைச் சோதிப்பதற்கு அல்ல, பள்ளியைச் சோதிப்பதற்கு என்று பொதுத் தேர்வு அமெரிக்காவில் நுழைந்தது அப்படித்தான். இன்றைக்கு வரை அந்தச் சண்டை தீரவில்லை.

வயதுவாரி வகுப்பு 1840-களின் கடைசியில் பாஸ்டனின் குயின்சி பள்ளியில் நடைமுறைக்கு வந்தது. வகுப்புக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு ஆசிரியர், பிள்ளைக்கு ஒரு மேசை. ஆசிரியர்களுக்கு எங்கே போவது? 1839-இல் லெக்சிங்டனில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தபோது, முதல் நாள் வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் இளம்பெண்கள். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஆசிரியர் வேலையில் பெரும்பான்மை பெண்கள் ஆனார்கள். தாயுள்ளம், பொறுமை என்றெல்லாம் மேடையில் பேசினார்கள். ஆணுக்குக் கொடுப்பதில் பாதியோ அதற்கும் குறைவோ கொடுத்தால் போதும் என்பதை மேடையில் பேசவில்லை. இலவசப் பள்ளியின் உண்மையான தர்மகர்த்தாக்கள் வரி கட்டியவர்களைவிட அந்தப் பெண்கள்தான் என்று சொன்னால் தவறில்லை.

மாசசூசெட்ஸ் 1852-இல் கட்டாய வருகைச் சட்டம் போட்டது. கடைசி மாநிலமான மிசிசிப்பி அதைப் போட 1918 ஆனது. இடையில் 66 வருடங்கள்!

'எல்லோருக்கும் பொது' என்பதில் யாருடைய பொது என்ற கேள்வி வந்தே தீரும். மானின் பள்ளிகளில் எந்தப் பிரிவையும் சேராத கிறிஸ்தவம் கற்பிக்கப்படும் என்றார்கள். புராட்டஸ்டன்ட்களுக்கு அது பொதுவாகத் தெரிந்தது. அயர்லாந்திலிருந்து வந்து இறங்கிய கத்தோலிக்கர்களுக்குத் தெரியவில்லை. எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளை வாசிக்கட்டும் என்று பிலடெல்பியா பிஷப் கேட்டார். அதிலிருந்து கிளம்பிய பகை 1844-இல் கலவரமாக வெடித்தது. தேவாலயங்கள் எரிந்தன, இருபது பேராவது செத்தார்கள். பள்ளியில் எந்தப் புத்தகம் வாசிப்பது என்பதற்காக! கத்தோலிக்கர்கள் தனியே பள்ளி கட்டத் தொடங்கினார்கள். 1922-இல் ஓரிகன் மாநிலம் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 1925-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. அரசுப் பள்ளியில் அரசே நடத்தும் பிரார்த்தனை கூடாது என்ற தீர்ப்பு வர 1962 ஆனது.

இப்போது 'அடிமையல்லாத' என்ற சொல்லுக்கு வருவோம்.

தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது 1740-இலிருந்தே குற்றம். 1831-இல் நாட் டர்னர் கலகத்துக்குப் பிறகு தென்மாநிலங்களில் சட்டங்கள் இன்னும் இறுகின. படிப்பைத் தடுக்க இத்தனை சட்டம் போட்டதே படிப்புக்கு என்ன பலம் என்று அந்த மக்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். உள்நாட்டுப் போர் முடிந்து 1865-இல் விடுதலை வந்ததும், பேரப்பிள்ளைகளோடு தாத்தாக்களும் அரிச்சுவடி தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னாள் அடிமைகளும் உட்கார்ந்து எழுதிய புதிய மாநில அரசியல் சட்டங்கள்தான் தெற்கில் எல்லோருக்குமான பொதுப் பள்ளியை முதன்முதலில் ஏற்படுத்தின. ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அதில் படித்தார்கள். தெற்கத்திய வரலாற்றில் இது அதிகம் பேசப்படாத விஷயம்.

சில வருடங்களில் அதிகாரம் பழையபடி கைமாறியது. 1896-இல் 'தனித்தனி ஆனால் சமம்' என்பது சட்டப்படி சரி என்றது உச்ச நீதிமன்றம். தனித்தனி நடந்தது. சமம்? கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கட்டடம் கூட இல்லாத ஊர்கள் ஏராளம். சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து 1912 முதல் 1932 வரை ஏறக்குறைய 5,000 பள்ளிகள் கட்ட உதவினார். நிபந்தனை, ஊரும் பங்கு போட வேண்டும். பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவர்கள் கோழி விற்றும் மரம் வெட்டிக் கொடுத்தும் பங்கு போட்டார்கள். கணக்குப் பார்த்தால் கறுப்பின மக்கள் கொடுத்த மொத்தம் ரோசன்வால்ட் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். வரியும் கட்டினார்கள், அந்த வரியில் கிடைக்காத பள்ளிக்கு நன்கொடையும் கொடுத்தார்கள்.

1951, வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் என்ற சிற்றூர். கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. படித்தவர்கள் 450 பேருக்கு மேல். இடம் போதாததற்குத் தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகைகள் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி ஏப்ரல் 23-ஆம் தேதி ஒரு காரியம் செய்தாள். உங்கள் மாணவர்கள் பேருந்து நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று பொய்யாகத் தொலைபேசியில் சொல்லித் தலைமையாசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, அவர் பெயரில் சீட்டு அனுப்பி மொத்தப் பள்ளியையும் கூடத்துக்கு வரவழைத்தார்கள். திரை விலகியது. மேடையில் பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினாள். பள்ளி முழுக்க வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

அவர்கள் கேட்டது நல்ல கட்டடம். வந்த வழக்கறிஞர்கள், தனிப் பள்ளி முறையையே எதிர்ப்பதானால் வழக்குப் போடுகிறோம் என்றார்கள். பிள்ளைகளும் பெற்றோர்களும் சம்மதித்தார்கள். 1954-இல் பிரவுன் வழக்கு என்று உலகம் அறிந்த தீர்ப்பில் ஐந்து வழக்குகள் சேர்ந்திருந்தன. அதில் ஒன்று இது; மாணவர்களே தொடங்கியது இது ஒன்றுதான். பிரிவினை செல்லாது என்றது நீதிமன்றம். மறுவருடம், 'இயன்ற வேகத்தில்' என்ற பொருளில் காலக்கெடு இல்லாமல் ஒரு உத்தரவும் போட்டது. எவ்வளவு வேகம் இயலும் என்பதைத் தெற்கு தானே முடிவு செய்துகொண்டது.

ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்ன செய்தது தெரியுமா? 1959-இல் சேர்ந்து படிக்க வைக்கச் சொன்னதும் எல்லாப் பொதுப் பள்ளிகளையும் இழுத்து மூடிவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகையோடு தனியார் பள்ளி தயாரானது. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேருக்கு ஒன்றுமில்லை. சிலரை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலர் தேவாலயத்தின் அடித்தளத்தில் கொஞ்சம் படித்தார்கள். பலர் வயல் வேலைக்குப் போனார்கள். 1964-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளைத் திறக்க வேண்டும் என்று தீர்ப்பளிக்கும் வரை ஐந்து வருடம். ஆறு வயதில் முதல் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளைக்குப் பதினொரு வயது ஆகியிருக்கும். பார்பராவை முன்பே மிரட்டலுக்குப் பயந்து அலபாமாவில் அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு நூலகரானார், 1991-இல் இறந்தார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி ராபர்ட் லீயின் சிலை 2020-இல் அகற்றப்பட்டபோது, அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பராவை.

இவ்வளவு கனமான விஷயங்களுக்கு நடுவே சின்னச் சின்ன விபத்துகளும் பள்ளியை உருவாக்கியிருக்கின்றன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்துக்கு இத்தனை 'கிரெடிட்' என்று எண்ணுவார்களே, அது எங்கிருந்து வந்தது? பேராசிரியர்களின் பென்ஷனிலிருந்து! 1905-இல் எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்கு ஒரு கோடி டாலர் கொடுத்தார். யாருக்குக் கொடுப்பது என்றால், முதலில் கல்லூரி என்பது எது என்று முடிவு செய்ய வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் 14 அலகு முடித்தவர்களைச் சேர்ப்பதே கல்லூரி என்றார்கள். அலகு என்றால்? ஒரு பாடத்தை வருடத்தில் 120 மணி நேரம் படிப்பது. பென்ஷன் ஆசையில் கல்லூரிகள் ஒத்துக்கொள்ள, கல்லூரி ஆசையில் பள்ளிகள் மணி அடிக்க ஆரம்பித்தன. பிள்ளை என்ன கற்றான் என்பதைவிட எத்தனை மணி நேரம் உட்கார்ந்தான் என்பது கணக்கானது.

கோடை விடுமுறையும் அப்படித்தான். விவசாய வேலைக்காக விட்டார்கள் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் நடவும் அறுவடையும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அல்லவா! பழைய கிராமப் பள்ளிகள் குளிரிலும் கோடையிலும்தான் நடந்தன. நகரப் பள்ளிகள் 1840-களில் வருடத்தில் 240 நாட்களுக்கு மேல் நடந்ததுண்டு. நகரத்து வெக்கை, வசதியான குடும்பங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் பழக்கம், அதிகப் படிப்பு மூளையைக் கெடுக்கும் என்ற அக்கால வைத்தியர்களின் பயம் எல்லாம் சேர்ந்து கோடையை விடுமுறையாக்கின. கிராமமும் நகரமும் சமரசம் செய்துகொண்டு இன்றைய 180 நாள் வழக்கத்துக்கு வந்தன.

கிராமத்து ஓராசிரியர் பள்ளிகள் முதல் உலகப் போர்க் காலத்தில் இரண்டு லட்சம் அளவுக்கு இருந்தன. சாலையும் மோட்டாரும் வந்ததும் அவற்றை மூடி, பெரிய பள்ளிகளாக இணைத்தார்கள். 1940 வாக்கில் 1,17,000-ஆக இருந்த பள்ளி மாவட்டங்கள்தான் இன்று 13,000. மஞ்சள் பேருந்து பெருகியது இதனால்தான். 1910-இல் பத்தில் ஒருவர்கூட உயர்நிலைப் பள்ளியை முடிக்காத நாட்டில் 1940-க்குள் பாதிப் பேர் முடித்தார்கள். அன்றைக்கு உலகில் வேறெங்கும் இவ்வளவு வேகம் இல்லை. இதற்கும் வாஷிங்டன் உத்தரவு காரணமில்லை, ஊர்கள் தாமே முன்வந்து வரி போட்டுக்கொண்டன. உள்ளூர் அதிகாரத்தைத் திட்டுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாஷிங்டன் வந்தது தாமதமாக, அதுவும் ரஷ்யா தயவில். 1957-இல் ஸ்புட்னிக் பறந்தது. 1958-இல் கணிதம், அறிவியல், அந்நிய மொழிகளுக்கு மத்திய அரசின் பணம் வந்தது. 1965-இல் ஜான்சன் ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு நிதி தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். தான் சிறுவயதில் படித்த டெக்சாஸ் கிராமப் பள்ளிக்கே போய், தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்து! 2002-இல் புஷ் காலத்துச் சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வருடா வருடம் தேர்வு வைக்கச் சொன்னது. 2014-க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேறிவிட வேண்டும் என்றது. எந்த மாநிலமும் தேறவில்லை. 2015-இல் சட்டத்தை மாற்றிப் பிடியை மாநிலங்களிடமே கொடுத்தார்கள். கல்வித் துறையை மூட நடவடிக்கை எடுக்கும்படி 2025 மார்ச்சில் டிரம்ப் உத்தரவு போட்டார். ஆனால் 1979-இல் அதை உருவாக்கியது நாடாளுமன்றம். சட்டப்படி ஒழிக்கவும் அதனால்தான் முடியும். எப்படியானாலும் பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

மீதி? மாநிலமும் ஊரும். ஊரின் பங்கு பெரும்பாலும் வீட்டு வரி. 1647-இன் ஊர், 1785-இன் மனை எல்லாம் கடைசியில் இங்கே வந்து நிற்கின்றன.

டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரம். அதற்குள்ளேயே பல பள்ளி மாவட்டங்கள். எட்ஜ்வுட் மாவட்டத்தில் தொண்ணூறு சதவீதம் மெக்சிக அமெரிக்கர்கள். வௌவால் குடியிருந்த கட்டடம். சில மைல் தள்ளி வசதியானவர்கள் வாழும் அலமோ ஹைட்ஸ். 1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்த டெமெட்ரியோ ரோட்ரிகஸும் மற்றப் பெற்றோர்களும் வழக்குப் போட்டார்கள். வழக்கில் வந்த 1967-68 கணக்கு இது: எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட்தான். கிடைத்தது 333 டாலர். அதிக வரி கட்டியவன் பிள்ளைக்குக் குறைந்த பணம். மாநில, மத்திய உதவி எல்லாம் சேர்த்த பிறகும் 356-க்கு 594.

1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கல்வி அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை அல்ல. ஊர்கள் தம் பள்ளியைத் தாமே நடத்துவதில் நியாயம் இருக்கிறது. தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல் முன்பு வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத் தலைவர். மறுவருடம் டெட்ராய்ட் வழக்கில், பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் நகரப் பள்ளிகளையும் வெள்ளையர் குடிபோன புறநகர் மாவட்டங்களையும் பேருந்து விட்டு இணைக்க முடியாது என்று அதே ஐந்துக்கு நான்கில் இன்னொரு தீர்ப்பு. மஞ்சள் பேருந்து மாவட்ட எல்லையில் நின்றுவிட்டது.

அந்த எல்லைக்கு எவ்வளவு பலம் என்றால், 2011-இல் ஒஹாயோவில் ஒரு தாய், தாத்தாவின் முகவரியைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பக்கத்து மாவட்டத்துப் பள்ளியில் சேர்த்ததற்காக ஒன்பது நாள் சிறையில் இருந்தார். திருடிய பொருள் கல்வி!

எட்ஜ்வுட்காரர்கள் விடவில்லை. மத்திய அரசியல் சட்டத்தில் இல்லாத கல்வி மாநில அரசியல் சட்டத்தில் இருக்கிறதே என்று மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993-இல் பணக்கார மாவட்டங்களின் உபரி வரியைப் பகிரச் சொல்லும் சட்டம் வந்தது. அதற்கு 'ராபின் ஹூட்' என்று பெயர் வைத்தார்கள். பணம் கொடுக்க வேண்டிய மாவட்டங்களில் அலமோ ஹைட்ஸும் ஒன்று. 1968-இல் வகுப்பைவிட்டு வெளியேறிய பிள்ளைகளுக்கு அப்போது நாற்பது வயது ஆகியிருந்தது.